படகிலிருந்து பறவை பார்த்தல்: கொடைக்கானலுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

துடுப்புப் படகில் படகோட்டி, படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி, நம்மைப் பார்த்தபடி அமர்ந்து துடுப்பு வலிக்கிறார். ஆகவே படகுக்கு முன்னால் இருப்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கடந்து வந்த நீர்ப்பரப்பு அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. பறவை பார்ப்பதற்காக முதன்முறை படகேறுகிறவர் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இந்த இருக்கை அமைப்புத்தான். நாம் நெருங்கியதும் நாணலுக்குள் ஒதுங்கிய நீர்க்கோழி, நாம் போய்விட்டோம் என்று எண்ணி வெளியே வரும்போது அதைக் காண்பவர் அவரே. இருவரும் ஏறும் முன்பே பேசிவைத்துக்கொண்டால் ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் விழும்; பேசாமல் ஏறிவிட்டால் நல்ல தொலைநோக்கி கையில் இருந்தாலும் ஏரியில் பாதியை மட்டுமே பார்த்துத் திரும்புவோம்.

நான் கொடைக்கானலில் வசிப்பவன். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் பல ஆண்டுகளாக ஏரிக்கு அழைத்துச் செல்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளும், அவர்கள் செய்த பிழைகளும், நானே செய்த பிழைகளும் சேர்ந்ததே இந்த வழிகாட்டி.

எந்த நீரில் இறங்குவது

நகருக்கு நடுவில் இருக்கும் ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைக் கரை கட்டித் தடுத்து இதை உருவாக்கினார். இதில் மிதந்த முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றியுள்ள ஏரிச்சாலை சுமார் 5 கிலோமீட்டர். நட்சத்திர வடிவ ஏரி என்று சுற்றுலாப் பலகைகள் சொல்வதைப் பலரும் அழகுக்கான வருணனையாக எடுத்துக்கொள்கிறார்கள். பறவை பார்ப்பவருக்கோ அந்த வடிவமே முதல் வரைபடம். ஏரியின் நடுப்பகுதி ஆழமானது, திறந்தது; அங்கே மிதிபடகுகளின் ஆரவாரம்தான் மிகுந்திருக்கும். கைகள் போலப் பிரிந்து மேடுகளுக்கிடையே நுழையும் நீரின் முனைகளோ ஆழம் குறைந்தவை. நாணலும் நீர்ச்செடியும் மண்டியவை. மீன்குஞ்சும் தவளையும் பூச்சியும் அங்கேதான் மிகுதி. பறவைகளும் அங்கேதான் இருக்கும். ஆகவே நம் பயணம் ஏரியைச் சுற்றிவருவதாக இல்லாமல், இரண்டு கைகளின் முனைகளுக்குப் போய்த் திரும்புவதாக அமைந்தால் போதும்.

வேடந்தாங்கலையோ கூந்தன்குளத்தையோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் கொக்கும் நாரையும் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் குளிர்ந்த ஏரியில், சமவெளிக் கண்மாய்களோடு ஒப்பிட்டால் நீர்ப்பறவைகள் எண்ணிக்கையிலும் வகையிலும் குறைவு. ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு இனங்களைத் தெளிவாகப் பார்த்துவிட்டால் அதை நல்ல பயணம் என்று நான் கணக்கு வைப்பேன். ஆனால் இங்கே பறவைகள் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை. சமவெளியில் கரையில் நின்று நூறு மீட்டர் தொலைவில் பார்க்கும் பறவையை இங்கே இருபது மீட்டரில், கண்ணின் நிறம் தெரியும் அளவுக்குப் பார்க்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த நெருக்கம் பெரிய கொடை.

பேரிஜம் ஏரியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. அது பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி. வனத்துறை அனுமதி பெற்றுக் கரையிலிருந்து பார்த்து வரலாமே தவிர, படகுப் பயணத்துக்கு உரிய இடமன்று. நீலகிரியில் பைக்காரா ஏரியில் படகு உண்டென்றாலும் அங்கே விசைப்படகுகள் ஓடுவதால் பறவை பார்க்கும் நோக்கத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. மன்னவனூர் ஏரியின் பரிசலைப் பற்றித் தனியாகப் பின்னர் சொல்கிறேன்.

எப்போது வருவது

ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே எனக்குப் பிடித்தவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை மழையும் மேகமூட்டமும் பயணத்தைக் கெடுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பறவைக்குக் குறைவில்லை. ஆனால் கோடை விடுமுறைக் கூட்டத்தில் துடுப்பை நிறுத்தி ஓரிடத்தில் காத்திருப்பதற்கு ஏரியில் இடமே இருக்காது. எந்த மாதமானாலும் சனி, ஞாயிறைத் தவிர்த்து வாருங்கள்.

நாளின் நேரம் மாதத்தைவிட முக்கியமானது. படகுத்துறை திறந்ததும் புறப்படும் முதல் படகில் இருக்க வேண்டும். காலையில் நீர் அசைவற்றிருக்கும்; வெயில் ஏற ஏறக் காற்று எழுந்து நீரில் அலை நெளியத் தொடங்கினால், தொலைவில் மிதக்கும் சிறு பறவை அலைக்கும் அலைக்கும் நடுவே மறைந்து மறைந்து தெரியும், தொலைநோக்கியில் படகின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். சில காலைகளில் ஏரிமேல் மூடுபனி படிந்திருக்கும். அப்போது அவசரப்பட்டு ஏறாமல் கரையில் ஒரு தேநீர் குடித்துக் காத்திருப்பதே நல்லது; கதிர் பட்டதும் பனி கலைந்துவிடும்.

கொடைக்கானலுக்குள் வண்டியில் வருவதற்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பதிவு நடைமுறையில் இருக்கிறது. புறப்படும் முன்பே அதை முடித்துவிடுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு இங்கே தடை உள்ளதால் எவர்சில்வர் புட்டியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றல் வருகிறவர்கள் ஏறிவந்த அன்றே படகில் ஏறாமல் ஓரிரவு தங்கி மறுநாள் ஏறுவது நலம்.

முந்தைய மாலை செய்ய வேண்டியது

ஊருக்கு வந்து சேர்ந்த அன்று மாலை ஏரிச்சாலையை ஒரு முறை நடந்தே சுற்றுங்கள். பயணத்துக்கான ஆயத்தங்களில் இதற்கு இணையானது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கையின் முனையில் நாணல் அடர்ந்திருக்கிறது, எந்த மரக்கிளை நீரின் மேல் சாய்ந்திருக்கிறது, எந்தக் கிளையின் கீழ் வெள்ளை எச்சம் படிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எச்சம் படிந்த கிளை, நீர்க்காகமோ கொக்கோ வழக்கமாக வந்து அமரும் இடம். மறுநாளும் அது அங்கே வரும். விடியலிலும் அந்தியிலும் ஏரிச்சாலையில் காட்டுமாடுகள் நிற்பது இந்த ஊரில் புதிதல்ல. அவற்றைக் கண்டால் நெருங்காமல், படம் எடுக்க முயலாமல், அவை விலகும் வரை பின்வாங்கி நில்லுங்கள்.

அப்படி நடக்கும்போதே படகுத்துறையில் நின்று மறுநாள் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், துடுப்புப் படகுக்கு என்ன கட்டணம், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொள்ளலாம். கட்டணம் பெரும்பாலும் அரை மணி நேரக் கணக்கில் இருக்கும். அரை மணி நேரம் பறவை பார்க்கப் போதாது. ஏரியின் ஒரு கைக்குள் நுழைந்து அமைதியாக நிற்கும்போதே திரும்ப வேண்டிய நேரம் வந்துவிடும். ஆகவே தொடர்ந்து இரண்டு நடைக்குச் சேர்த்துக் கட்டணம் கட்டிவிடுங்கள். மிதிபடகு வேண்டவே வேண்டாம். கால் இரண்டும் மிதித்துக்கொண்டிருக்க, கை நடுங்க, சக்கரம் நீரை அடிக்கும் ஓசையில் பறவையும் நில்லாது, தொலைநோக்கியும் நில்லாது.

படகோட்டியிடம் பேசுவது

இந்தப் பயணத்தின் வழிகாட்டி படகோட்டியே. பறவையின் நூற்பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பறவை எந்த நாணலுக்குள் படுக்கிறது, எந்த மாதத்தில் குஞ்சோடு வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் “இங்கே என்னென்ன பறவை உண்டு?” என்று கேட்டால் பயணிகளுக்குச் சொல்லிப் பழகிய பதிலையே சொல்வார். “இந்த வாரம் எதைப் பார்த்தீர்கள், எந்தப் பக்கம்?” என்று கேட்டால் உண்மையில் கண்டதைச் சொல்வார். எல்லாவற்றையும் காட்டிவிடுவதாக உறுதி தருகிறவரைவிட, “போனாத்தான் தெரியும்” என்கிறவரை நான் நம்புவேன்.

படகோட்டிகள் நாள் முழுதும் பயணிகளைச் சுற்றிக்காட்டிப் பழகியவர்கள். குறித்த நேரத்துக்குள் அதிக தூரம் காட்டுவதே நல்ல சேவை என்று அவர்கள் கருதுவது இயல்பு. ஆகவே நம் தேவை வேறு என்பதை ஏறும் முன்பே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். நான் வழக்கமாகச் சொல்வது இதுதான்: “அண்ணே, பறவை பாக்க வந்திருக்கோம். ஏரியச் சுத்திக் காட்ட வேண்டாம், ஒரே ஓரமா மெதுவாப் போனாப் போதும். நான் கையத் தூக்கினா வலிக்கறத நிறுத்திருங்க.” ஒரு முறை இதைக் கேட்ட முதியவர் ஒருவர், துடுப்பை மாட்டிக்கொண்டே, “அப்ப அந்தக் கோடிக்குப் போவோம் சார், முங்குகோழி குஞ்சோட கெடக்கு, ஏறுங்க” என்றார். அன்று வேறெதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சைகைகளையும் அப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவது, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் மெதுவாக்குவது என்ற இரண்டே போதும். திசை சொல்வதில்தான் குழப்பம் வரும். எதிரெதிரே அமர்ந்திருப்பதால் நமது இடப்பக்கம் அவருக்கு வலப்பக்கம். “இடதுபக்கம்” என்று கத்தியதும் படகு வலப்பக்கம் திரும்பிப் பறவையை விரட்டிய காட்சிகள் எனக்கு நன்கு நினைவிருக்கின்றன. படகின் முன்முனையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்து, இரண்டு மணித் திசை, பத்து மணித் திசை என்று சொல்வது ஒரு முறை. கரையில் இருக்கும் அடையாளத்தைச் சொல்வது, அதாவது “சாய்ந்த மரத்துக்குக் கீழே”, “சிவப்புக் கூரைக்கு நேரே” என்பது, இன்னும் எளியது. அவர் தமது பக்கத்தில் எதையேனும் கண்டால் பெயர் சொல்லிக் கூவாமல் கண்ணால் காட்டும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துடுப்பை நிறுத்திக் காத்திருக்கும் நேரமும் அவருடைய உழைப்பு நேரமே. படகு அசையாத நிமிடங்களுக்காகப் பேரம் பேசக் கூடாது. பேசிய நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், கேட்கும் முன்பே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

தொலைநோக்கியின் மேல் 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதையும், இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். படகில் 8 மடங்கே ஏற்றது. பறவையைப் பெரிதாக்கும் அளவுக்குப் படகின் ஆட்டத்தையும் கருவி பெரிதாக்கிவிடும்; 10 மடங்கில் காட்சியின் பரப்பும் சுருங்குவதால், மூழ்கி வேறிடத்தில் எழும் பறவையைப் புதியவர் தேடிப் பிடிப்பதற்குள் அது மறுபடி மூழ்கிவிடும். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் நடுக்கம் பெரிதும் குறையும். முக்காலியும் அதன்மேல் வைக்கும் பெரிய தொலைநோக்கியும் கரையிலேயே இருக்கட்டும். குளிர்ந்த காலையில் மூச்சுக்காற்று பட்டால் கண்ணாடியில் பனி படியும் என்பதால், கழுத்துத் துணியைக் கண்ணாடிக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடை மங்கிய நிறத்தில் இருக்க வேண்டும். பச்சை, பழுப்பு, சாம்பல் எதுவும் ஆகும், வெள்ளையும் பளிச்சென்ற சிவப்பும் ஆகா. நீர்மேல் குளிர் கரையில் உணர்வதைவிட மிகுதியாக இருக்கும். கம்பளி உடைக்கு மேல் உயிர்காப்பு உடுப்பு, அதற்கு மேல் தொலைநோக்கியின் வார் என்ற வரிசையில் அணிந்தால் படகில் ஏறிய பின் எதையும் கழற்றி மாட்ட வேண்டியிராது. சேலை உடுத்தியவர்கள் முந்தானையை உடுப்புக்குள் செருகிக்கொள்ள வேண்டும்.

படகில் அமர்ந்த பின்

ஒரு படகில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஏறியதும் எடை இருபுறமும் சமமாக இருக்கும்படி அமர்ந்து, திரும்பிக் கரை சேரும் வரை எழக் கூடாது. பறவை எந்தப் பக்கம் தெரிந்தாலும் கழுத்துத்தான் திரும்ப வேண்டும், உடல் நகரக் கூடாது. இதை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கத்துக்குத் திரண்டது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நாம் ஏறுவது அதைவிட மிகச் சிறிய படகு. ஓர் உடலின் எடை மாறினாலே அது சாயும்.

காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, கிழக்குக் கரையோரமாகச் சென்று மேற்கே பார்ப்பது நல்லது; எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புப் பறவையாகவே தெரியும். மாலையில் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தது காற்று. சிறு காற்று வீசினாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: காற்று வரும் திசையை நோக்கி முதலில் ஏறிச் சென்றுவிட்டு, நாணல் கரைக்குப் பக்கவாட்டில் படகைத் திருப்பி, துடுப்புகளை நீரிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். படகு தானாகவே நாணலோரமாக மிதந்து வரும். துடுப்பு விழும் ஓசையும் அதை மாட்டியிருக்கும் வளையத்தின் கிரீச்சொலியும் நின்றுவிட்டால், படகைப் பறவை மிதந்து வரும் மரக்கட்டையாகவே எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பறவையை நோக்கி நேராக ஒருபோதும் செல்லக் கூடாது. நேரே வருவதைத் தன்னைப் பிடிக்க வருவதாகவே அது கருதும். கடந்து போகிறவர் போலச் சாய்வாகச் சென்று, சிறிது தூரத்தில் நிறுத்திவிட வேண்டும். மேய்ந்துகொண்டிருந்தது தலையை நிமிர்த்திக் கழுத்தை நீட்டினால் அது நம்மைக் கவனித்துவிட்டது. நீந்தி விலகத் தொடங்கினால் நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம். அந்த இடத்திலேயே நின்று, அது மறுபடி மேயத் தொடங்கும் வரை அசையாதிருங்கள். மேயாவிட்டால் படகைப் பின்னுக்கு எடுத்துவிடுங்கள். பேச்சைத் தாழ்ந்த குரலில் வைத்துக்கொள்ளலாம்; முழு மௌனம் தேவையில்லை, திடீர் அசைவுதான் ஆகாது. கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பதும், பொரியோ ரொட்டியோ தூவி அழைப்பதும் கூடவே கூடாது.

காணக்கூடிய பறவைகள்

முதலில் முக்குளிப்பானைத் தேடுங்கள்; அந்த முதியவர் முங்குகோழி என்றது இதைத்தான். பந்து போல மிதக்கும் இந்தச் சிறு பறவைக்கு வால் இருப்பதே தெரியாது. இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செம்பழுப்பாகவும், அலகின் அடியில் வெளிர்மஞ்சள் புள்ளியாகவும் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். போனதும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள். பெரும்பாலும் இருபது எண்ணுவதற்குள் சில மீட்டர் தள்ளி எழும். நெருங்க வேண்டுமானால் அது நீருக்குள் இருக்கும்போது மட்டும் படகோட்டியை இரண்டு துடுப்பு வலிக்கச் சொல்லி, எழும் முன்பே நிறுத்திவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை நகர்ந்தாலே போதுமான அருகில் வந்துவிடலாம். குஞ்சுகளைத் தாய் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவதையும் இங்கே காண வாய்ப்புண்டு. சிறகுகளுக்கிடையே வரிபோட்ட சிறு தலைகள் எட்டிப்பார்க்கும்.

இதே பறவையிடம்தான் நான் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன். முக்குளிப்பான் நீர்ச்செடிகளைக் குவித்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டை விட்டு நீங்கும்போது முட்டைகளை அந்தச் செடிகளாலேயே மூடிவிட்டுப் போகும். அழுகிய பாசிக்குவியல் என்று நினைத்து ஒரு காலையில் அதன் அருகிலேயே படகை நிறுத்தச் சொல்லி வேறொரு பறவையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுத் தொலைவில் ஒரு முக்குளிப்பான் மூழ்காமல், மேயாமல், முன்னும் பின்னுமாக நீந்திக்கொண்டே இருந்ததைப் படகோட்டிதான் கவனித்துச் சொன்னார். குளிர்ந்த காலையில் அவ்வளவு நேரம் முட்டைகள் சூடின்றிக் கிடந்தன. அன்றிலிருந்து நாணலோரம் தனியாகத் தெரியும் எந்தச் செடிக்குவியலையும் கூடென்றே எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டுகிறேன். காட்டுப்பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

நாணலின் ஓரத்தில் கருநிறக் கோழி ஒன்று வாலை நொடிக்கொரு முறை சுண்டிக்கொண்டு நடந்தால் அது தாழைக்கோழி. நெற்றியிலிருந்து அலகு வரை சிவப்பும் நுனியில் மஞ்சளும், வாலின் அடியில் வெள்ளையும் அடையாளங்கள். நெற்றியில் சிவப்புக்கு மாறாக வெள்ளை நாமம் தெரிந்தால் அது நாமக்கோழி. பெயரிலேயே அடையாளம் இருப்பதால் புதியவர் இதை மறப்பதில்லை. சின்ன நீர்க்காகம் உடல் பாதி அமிழ்ந்து, கழுத்து மட்டும் மேலே தெரிய நீந்தும். இதன் இறகு நீரை முழுவதுமாக விலக்காததால் மூழ்கி எழுந்த பின் கிளையில் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்தும். முந்தைய மாலை குறித்துவைத்த எச்சம் படிந்த கிளையை இப்போது பாருங்கள். மடையான் கரையோரம் மண்நிறத்தில் கூனி அமர்ந்திருக்கும். பறக்கும் வரை அங்கே ஒரு பறவை இருந்ததே தெரியாது, எழுந்ததும் சிறகு முழுதும் வெள்ளை.

மீன்கொத்திகளில் இரண்டைப் பார்க்கலாம். வெண்தொண்டை மீன்கொத்தி உரக்கக் குரல் எழுப்பித் தன் இருப்பைத் தானே அறிவித்துவிடும். சிறிய மீன்கொத்தியோ குருவி அளவுதான். கூர்மையான சீழ்க்கை ஒலி கேட்டுத் திரும்புவதற்குள் நீல அம்பு போல நீரை ஒட்டிப் பறந்துவிடும். துரத்த வேண்டாம். கட்டிவைத்திருக்கும் படகின் விளிம்பிலோ கயிற்றிலோ நாணல் தண்டிலோ அது அமரும். பறந்துபோன இடத்துக்கே பெரும்பாலும் திரும்பி வரும். பத்து நிமிடம் பொறுத்திருப்பவருக்கு அது மீன் பிடிப்பதே காணக் கிடைக்கும்.

நீருக்கு மேல் இங்குமங்கும் பாய்ந்து பூச்சி பிடிக்கும் தகைவிலான்களை, பறப்பதால் அடையாளம் காண முடியாது என்று புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். மலைத் தகைவிலானுக்கு நெற்றியும் தொண்டையும் செந்துரு நிறம், மார்பில் கரும்பட்டை கிடையாது, வால் குட்டை. தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் ஆண்டு முழுதும் வாழ்வது இது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் தகைவிலானுக்கு மார்பின் குறுக்கே கரும்பட்டையும், வாலில் நீண்ட இரு கம்பிகளும் உண்டு. பட்டை இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கரைக்கல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் மஞ்சள் வயிற்றுச் சாம்பல் வாலாட்டியும் குளிர்கால விருந்தாளியே.

படகிலிருக்கும்போது கரை மரங்களையும் மறந்துவிடாதீர்கள், ஏனெனில் உலகில் மிகச் சிறு பரப்பில் மட்டுமே வாழும் பறவைகள் இந்த ஊரில் அங்கேதான் இருக்கின்றன. புதருக்குள்ளிருந்து கூட்டமாகச் சிரிப்பது போன்ற உரத்த ஒலி வந்தால் அது பழனிச் சிரிப்பான். இந்த மலையிலிருந்து சேகரிக்கப்பட்டு, 1869இல் பிளான்ஃபோர்ட் என்பவரால் விவரிக்கப்பட்ட பறவை இது. சேகரித்தளித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் பெயரே இதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் இது வாழ, வடக்கே நீலகிரியில் இதன் உறவான நீலகிரிச் சிரிப்பான் வாழ்கிறது. கணவாயின் தாழ்ந்த, வெப்பமான நிலத்தைக் குளிர்மலைப் பறவைகள் கடக்க இயலாததால் இரு பக்கத்திலும் தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டன. உதகைக்கும் போய்வருகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மன்னவனூரில் பரிசல்

இரண்டாவது நாள் கையில் இருந்தால் பூம்பாறை வழியாக மன்னவனூருக்குச் செல்லுங்கள். வனத்துறையின் சூழல் சுற்றுலாத் திட்டத்தில் அங்குள்ள ஏரியில் பரிசல் விடுகிறார்கள். காற்று மிகுந்த நாளில் விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே போய்ச் சேர வேண்டும். பரிசலுக்கு முன் பின் கிடையாது. வட்டமாக இருப்பதால் ஒவ்வொரு துடுப்புக்கும் சற்றே சுழலும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பறவை காட்சியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். கடிகார முறை இங்கே பயன்படாது; கரை அடையாளம் மட்டுமே கைகொடுக்கும். பயணிகளை மகிழ்விக்கப் பரிசலை வேகமாகச் சுழற்றிக்காட்டுவது பரிசல்காரர்களின் வழக்கம். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடித்தளத்தில் எல்லோரும் ஒரே அளவு இடைவெளியில் வட்டமாக அமர்ந்தால்தான் அது நேராக நிற்கும். நீர்மட்டத்துக்கு வெகு அருகில் அமர்வதால் பறவைகள் நம்மைப் பொருட்படுத்துவதும் குறைவு.

இங்கே நீர்ப்பறவைகளைவிட ஏரியைச் சூழ்ந்த புல்வெளிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வேலிக்கம்பத்தின் உச்சியில் அமர்ந்து தரைக்கு இறங்கி ஏறும் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டையும், புல்லுக்குள் நிமிர்ந்து ஓடும் நெட்டைக்காலியையும் பரிசலிலிருந்தே பார்க்கலாம்.

கரை ஏறிய பின்

குறிப்பேட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், சென்ற பகுதி ஆகியவற்றை முதலில் எழுதி, அதன் கீழ் பறவைகளையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்கு அலகு, கால், வால் இவற்றின் நிறமும் அது செய்துகொண்டிருந்த செயலும் போதும். எத்தனை என்று எண்ண முடியாதபோது குத்துமதிப்பாக எழுதலாம். காணாத பறவையை ஊகித்து எழுதக் கூடாது. இந்தப் பட்டியலை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் அது ஆய்வாளர்களுக்கும் பயன்படும். தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் நாள்களில் வருகிறவர்கள் தங்கள் பட்டியலை அதில் சேர்க்கலாம்.

படகை விட்டு இறங்கி உடனே நடந்துவிடாமல், எழுதியதைப் படகோட்டியிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். நமக்குப் பின்னால் தாம் கண்டு, சைகை காட்டும் முன் மறைந்துபோன ஒன்றிரண்டை அவர் அப்போதுதான் சொல்வார். அவற்றையும், கண்டவர் அவர் என்ற குறிப்போடு, பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் எந்தக் கைக்குள் முதலில் நுழைவது என்பதை அந்த வரிகளைக்கொண்டு முடிவுசெய்யலாம்.